வான்வழித் தூரமும் வழிநடைக் காலமும்: கல்முனைக் கரையை முன்னிட்ட ஓர் ஆய்வு

கல்முனைக்கும் கொழும்புக்கும் இடையே எவ்வளவு தூரம் என்று அக்கரையோரத்து ஊர்களில் ஒருவரை வினவினால், மைற்கணக்கிலோ கிலோமீற்றர்க் கணக்கிலோ விடை வருவது அரிது. ‘ஓர் இராப் பயணம்’ என்பதே பெரும்பாலும் அவர் கூறும் விடை. இதனைக் கணக்கறியாதார் கூற்று என்று தள்ளிவிடல் தகாது. தமிழர் நெடுங்காலம் நிலத்தைக் காலத்தால் அளந்தவர். நாழிகை என்பது 24 நிமிடம் கொண்ட காலக்கூறு. நாழிகைவழி என்பதோ அக்காலக்கூற்றில் ஒருவன் இயல்பாக நடந்து கடக்கும் தூரம். நடப்பவன் இளைஞனா முதியவனா, வழி மணலா சேறா என்பவற்றுக்கேற்ப நாழிகைவழி நீளும், குறுகும். அளவுகோல் பிடிப்பவனுக்கு இது குற்றமாகத் தோன்றலாம். வழி நடப்பவனுக்கோ இதுவே உண்மை.

இரு நகரங்களுக்கு இடைப்பட்ட தொலைவை இக்காலத்தார் இருவகையாற் கூறுவர். ஒன்று வான்வழித் தூரம். அஃதாவது, நிலவுருண்டையின் மேல் அவ்விரு நகரங்களையும் இணைக்கும் மிகக் குறுகிய வளைகோட்டின் நீளம். மற்றொன்று பயண நேரம். முன்னது புவியியலார்க்கு உரியது. மலை பெயர்ந்தாலன்றி, அரசுகள் மாறுவதால் அது மாறாது. பின்னது வரலாற்றாசிரியனுக்கு உரியது. எவர் வழி சமைத்தார், எவர்க்காகச் சமைத்தார், எப்பொழுது அடைத்தார் என்பவற்றையெல்லாம் அது தன்னுட் கொண்டுள்ளது. ஈழத்தின் கீழ்க்கரையிலே, அம்பாறை மாவட்டத்தின் கடலோரத் தமிழ் பேசும் ஊர்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இவ்விரு கணக்குகளும் எங்ஙனம் பிரிந்து சென்றன என்பதை ஈண்டு நோக்குவாம்.

வான்வழித் தூரத்தைக் கணிக்கும் முறை பிறந்ததே ஆபிரிக்காவின் இரு நகரங்களுக்கு இடையிலேதான். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரத்து நூலகத்துக்குத் தலைவராய் இருந்தவர் எரத்தோஸ்தனிஸ் என்னும் கிரேக்க அறிஞர். தெற்கே நைல் நதிக் கரையிலுள்ள சையினி நகரத்தில், அஃதாவது இன்றைய அஸ்வானில், ஆண்டின் மிக நெடிய பகலன்று உச்சிப்பொழுதில் ஞாயிறு தலைக்கு நேரே நிற்கும் என்பதை அவர் அறிந்திருந்தார். அதே நாளில் அதே பொழுதில் அலெக்சாந்திரியாவில் நட்ட கோல் நிழல் விழுத்திற்று. அந்நிழலின் கோணம் ஒரு வட்டத்தின் ஐம்பதில் ஒரு பங்கு. இரு நகரங்களுக்கும் இடைத்தூரம் 5,000 ஸ்தாதியம் எனக் கொள்ளப்பட்டது. ஆகவே நிலவுருண்டையின் சுற்றளவு 2,50,000 ஸ்தாதியம் என அவர் முடிவு கட்டினார். ஸ்தாதியம் என்ற அளவை எத்துணை நீளமுடையது என்பதில் அறிஞர்க்குள் இன்றும் வழக்குண்டு. அவ்விரு நகரங்களும் ஒரே நெடுங்கோட்டில் இல்லாமல் மூன்று பாகை விலகி நிற்பதும் மெய்யே. எனினும் கோணத்தைக் கொண்டு தூரத்தையும், தூரத்தைக் கொண்டு கோணத்தையும் அறியலாம் என்ற நெறி அன்று நிலைபெற்றது. அலெக்சாந்திரியாவிலிருந்து அஸ்வானுக்கு நேர்த் தொலைவு ஏறத்தாழ 840 கிலோமீற்றர். இன்றைய விமானம் நேரே பறப்பின் ஒன்றேகால் மணித்தியாலத்தில் அதனைக் கடக்கும்.

அதே அலெக்சாந்திரியாவிலே கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த தொலமி, தப்பிரபேன் என்று பெயரிட்டு நமது ஈழத்தைத் தன் தேசப்படத்தில் வரைந்தபொழுது, அதனைப் பன்மடங்கு பெரிதாக்கிவிட்டான். கணிதத்தில் வல்லவனாகிய அவன் இங்ஙனம் வழுவியதற்கு ஒரு காரணம், மாலுமிகள் கூறிய நாட்கணக்கைத் தூரக்கணக்காக மாற்ற நேர்ந்தமையாகலாம். அவனுக்கு முந்திய நூற்றாண்டினனாகிய பிளினி என்னும் உரோம ஆசிரியன் இதற்கு ஒரு நல்ல சான்று தருகின்றான். இத்தீவு பாரதப் பெருநிலத்திலிருந்து இருபது நாட் கடற்பயணத் தொலைவில் உள்ளதென முன்னையோர் நம்பினர் என்றும், அக்கணக்கு நாணற்புல்லாற் கட்டிய மரக்கலங்களுக்கு உரியதென்றும், உரோமர் கலங்களுக்கு அஃது ஏழு நாட் பயணமே என்றும் அவன் எழுதியுள்ளான். தீவு நகரவில்லை, கடல் சுருங்கவில்லை. கலம் மாறியது; இருபது ஏழாயிற்று.

இனி நமது கரைக்கு வருவாம். கொழும்பு வடக்கு 6 பாகை 56 கலையிலும் கிழக்கு 79 பாகை 51 கலையிலும் உள்ளது. கல்முனை வடக்கு 7 பாகை 25 கலையிலும் கிழக்கு 81 பாகை 49 கலையிலும் உள்ளது. இவ்வெண்களைக் கொண்டு கணித்தால் இரு நகரங்களுக்கும் வான்வழித் தூரம் ஏறத்தாழ 225 கிலோமீற்றர், 140 மைல். நெடுங்கோட்டில் வேறுபாடு இரண்டு பாகைக்குச் சற்றுக் குறைவு. ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் என்பது கணக்காதலால், கல்முனையின் உச்சிப்பொழுது கொழும்பின் உச்சிப்பொழுதுக்கு எட்டு நிமிடம் முந்தியது. ஞாயிறு எட்டு நிமிடத்திற் கடக்கும் அவ்விடைவெளியை மனிதன் எத்தனை காலத்திற் கடந்தான் என்பதே நமது வினா.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் வழியாக அக்கரைப்பற்று, கல்முனை கடந்து மட்டக்களப்பை அடையும் ஏ-4 நெடுஞ்சாலையின் நீளம் 430 கிலோமீற்றர். அவ்வழியிற் கல்முனை ஏறத்தாழ 390ஆவது கிலோமீற்றரில் உள்ளது. 225 எங்கே, 390 எங்கே! நடுவே மத்திய மலைநாடு நிற்கிறது. சாலை அதன் தென்புறத்தைச் சுற்றி வளைந்து கடலோரம் வந்து மீண்டும் வடக்கே திரும்புகிறது. கண்டி, மகியங்கனை வழி சற்றுக் குறுகியதெனினும், வளைவும் ஏற்றமும் மிக்கது. எவ்வழியே சென்றாலும் இரவு கல்முனையிற் புறப்படும் பேருந்து விடியற்பொழுதிலேயே கொழும்பைக் காணும்.

ஆயினும் மலையை மட்டுமே குறைகூறுதல் பொருந்தாது. கொழும்பைத் தலையாகவும் கீழ்க்கரையைக் கடைக்கோடியாகவும் கருதும் வழக்கமே ஓர் இருநூறு ஆண்டுப் பழைமையுடையது. அதற்கு முன்னர், கண்டியரசர்க்குக் கீழ்க்கரை தலைவாயிலாக இருந்தது. மேற்குக் கரையைப் போர்த்துக்கேயர் பிடித்திருந்த காலத்தில், ஒல்லாந்தக் கடற்றளபதி ஸ்பில்பேர்கன் 1601ஆம் ஆண்டு மே மாதம் தன்னாட்டை விட்டுப் புறப்பட்டு, ஓராண்டுக்கு மேற்பட்ட பயணத்தின்பின் 1602ஆம் ஆண்டு மே இறுதியில் வந்திறங்கியது மட்டக்களப்பிலே. அங்கிருந்து மலையேறிச் சென்றே விமலதர்மசூரியனைக் கண்டான். 1626ஆம் ஆண்டளவிற் போர்த்துக்கேயர் தம் ஆட்சிப் பகுதிகளிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, செனரத் மன்னன் அவர்களுள் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என்பது வரலாற்றாசிரியர் பலரும் எடுத்தாளும் செய்தி. கரையோர முஸ்லிம் ஊர்களின் தோற்றம் முழுவதும் இவ்வொரு நிகழ்ச்சியால் விளங்கிவிடாது. அதற்கு முன்பே அங்கு குடிகளும் வணிகரும் இருந்தனர். எனினும் மேற்கிலிருந்து கிழக்கே மலை கடந்து கால்நடையாக வந்த அம்மக்களுக்கு, இவ்விடைவெளி எத்தனை நாழிகைவழியாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். திரும்பிச் செல்ல வேண்டாத பயணம் அது.

அந்நாளிற் கரை கடலையே நோக்கியிருந்தது. சம்பான்கள் வந்து தங்கிய துறையாதலின் சம்மாந்துறை எனப் பெயர் பெற்றதென்று கூறுவர். கல்முனைக்குடிக் கடற்கரைப் பள்ளிவாசலில் நாகூர் ஷாகுல் ஹமீது வலியுல்லாஹ்வின் பெயரால் ஆண்டுதோறும் கொடியேற்றப்படுகிறது. அக்கொடியின் தாயகமாகிய நாகூருக்கும் கல்முனைக்கும் நேர்த்தொலைவு ஏறத்தாழ 435 கிலோமீற்றர். கொழும்பிலும் இருமடங்குக்குச் சற்றுக் குறைவு. ஆயின் அவ்வழியில் மலையில்லை. பாய்மரத்துக்குக் காற்று வாய்த்தால் நாகூரே கொழும்பினும் அணித்து. காற்றைப் பெயரிட்டு அறிந்த மக்கள் அவர்கள். வாடையும் சோழகமும் கொண்டலும் கச்சானும் அவர்களுக்குப் புலவர் சொற்களல்ல. புறப்படும் நாளையும் திரும்பும் நாளையும் குறித்த பஞ்சாங்கம்.

1815ஆம் ஆண்டிற் கண்டி வீழ்ந்தபின் ஆங்கிலேயர் சமைத்த சாலைகளெல்லாம் கொழும்பிலிருந்தே கிளைத்தன. கோப்பியும் பின்னர்த் தேயிலையும் இறங்க வேண்டிய துறைமுகம் அது. புகைவண்டி கண்டியை 1867ஆம் ஆண்டில் அடைந்தது. மட்டக்களப்பை அடைய 1928ஆம் ஆண்டாயிற்று. அறுபது ஆண்டுத் தாமதம் நெல்லுக்கும் தேயிலைக்கும் இருந்த மதிப்பு வேறுபாட்டைக் காட்டுகிறது. அவ்விருப்புப்பாதையும் கல்முனைக்கு வரவில்லை. மட்டக்களப்பு நகரோடு நின்றது. இன்றும் அங்கேயே நிற்கிறது. மாகோ வழியாக வடக்கே சென்று கிழக்கே வளையும் அப்பாதையின் நீளம் கொழும்பிலிருந்து ஏறத்தாழ 350 கிலோமீற்றர். அதன்மேற் கல்முனைக்கு நாற்பது கிலோமீற்றர் சாலைப் பயணம் உண்டு. கல்லடியில் வாவியின் குறுக்கே 1920களில் இரும்புப் பாலம் அமையும்வரை எழுவான்கரைத் தென்பகுதியிலிருந்து நகருக்குச் செல்வோர் தோணியை நம்பியிருந்தனர்.

கல்முனைக்கு அடுத்த காரைதீவிலே 1892ஆம் ஆண்டிற் பிறந்த சுவாமி விபுலாநந்தர் இவ்வழிகளையெல்லாம் அறிந்தவர். கல்முனையிலும் மட்டக்களப்பிலும் கற்று, கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் பணியாற்றி, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1931ஆம் ஆண்டில் தமிழ்ப் பேராசிரியராகி, 1943ஆம் ஆண்டில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியராகத் திரும்பிய அப்பெரியாரின் வாழ்வை ஒரு தேசப்படத்திற் குறித்தால் புகைவண்டிப் பாதைகளும் தலைமன்னார்க் கப்பல் வழியும் அதன்மேல் விளங்கும். அவர் மறைந்தது 1947ஆம் ஆண்டு யூலை மாதம். அதே ஆண்டு டிசம்பரில் இலங்கையின் சொந்த விமான சேவை தொடங்கிற்று.

இலங்கை வானிலே பயணம் தொடங்கிய வரலாறு சுருக்கமாகக் கூறத்தக்கது. 1935ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் சென்னையிலிருந்து வந்த சிறு விமானமொன்று இரத்மலானையில் முதன்முதலாக இறங்கியது. 1938ஆம் ஆண்டில் தாத்தா நிறுவனத்தார் தமது தபால் விமானத்தைக் கொழும்புவரை நீட்டினர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் நிகழ்ந்த ஒன்றையோ சற்று விரித்தே கூறல் வேண்டும். சிங்கப்பூர் யப்பானியர் வசமானபின் அவுஸ்திரேலியாவுக்கும் பிரித்தானியாவுக்கும் வான்வழி அறுந்தது. அதனை மீண்டும் இணைக்க, 1943ஆம் ஆண்டு முதல் 1945ஆம் ஆண்டுவரை, காலிக்கு அண்மையிலுள்ள கொக்கலை வாவியிலிருந்து அவுஸ்திரேலியாவின் பேர்த் நகருக்குக் கற்றலீனா என்னும் நீர்விமானங்கள் பறந்தன. ஏறத்தாழ 5,650 கிலோமீற்றர். இடையில் இறங்குதுறை இல்லை. பகைவர் அறியாதிருக்க வானொலியை அடக்கி, விண்மீன்களைப் பார்த்தே வழி கண்டனர். எரிபொருளின் பாரத்தால் மூவருக்கு மேற் பயணிகளை ஏற்ற இயலாது. பயண நேரம் 27 மணித்தியாலம் முதல் 32 மணித்தியாலம்வரை. ஒரே பயணத்தில் இருமுறை ஞாயிறு உதிப்பதைக் கண்டமையால் ‘இரட்டை உதயம்’ என்ற பெயர் அப்பயணத்துக்கு வழங்கலாயிற்று. மணிக்கு 190 கிலோமீற்றரளவு வேகம். இக்கால வேகவிமானம் அதே தொலைவை ஏழெட்டு மணித்தியாலத்திற் கடந்துவிடும்.

1947ஆம் ஆண்டிற் பிறந்த ஏர் சிலோன் நிறுவனத்திடம் இருந்தவை டக்கோட்டா விமானங்கள். மணிக்கு 270 கிலோமீற்றர் முதல் 300 கிலோமீற்றர்வரை பறப்பவை. கல்முனைக்கும் கொழும்புக்கும் நேரே ஒரு டக்கோட்டா பறந்திருப்பின், ஏறும் நேரமும் இறங்கும் நேரமும் கூட்டி ஒரு மணித்தியாலம் போதும். இது வெறுங் கற்பனையன்று. 1949ஆம் ஆண்டில் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தின் பகுதியாகிய அம்பாறைக்கு அண்மையில், உகனையில் விமானத் திடலொன்று அமைந்தது. இரத்மலானையிலிருந்து அங்கு நேர்த்தொலைவு 200 கிலோமீற்றர். கல்லோயாவும் திருகோணமலையும் ஏர் சிலோனின் உள்நாட்டு நிலையங்களாய் இருந்தன. மட்டக்களப்பிலும் 1958ஆம் ஆண்டில் விமான நிலையம் திறக்கப்பட்டது. ஆகவே கல்முனைக்கு மேற்கே ஒன்றும் வடக்கே ஒன்றுமாக, ஒவ்வொன்றும் ஒரு மணித்தியாலச் சாலைப் பயணத்துக்குள், இரு விமான நிலையங்கள் இருந்தன.

இருந்தும் இராப் பயணம் இராப் பயணமாகவே நின்றது. உகனைத் திடல் அணை கட்டுவோரையும் திட்டம் நடத்துவோரையும் நோக்கியது. கரையோரத்து நெல் வணிகரையும் மருதமுனை நெசவாளரையும் நோக்கியதன்று. 1961ஆம் ஆண்டில் அம்பாறை தனி மாவட்டமாயிற்று. மாவட்டத் தலைமை அம்பாறையில்; மக்கள் செறிவோ கல்முனைக் கரையில். வான்வழி தலைமையைத் தேடிச் சென்றது. மக்களைத் தேடிச் செல்லவில்லை. இது என் கருத்து, மாறுபடுவார் இருக்கலாம். 1983ஆம் ஆண்டில் மட்டக்களப்பு விமான நிலையம் விமானப்படையின் கீழ் வந்தது. பல்லாண்டுகளுக்குப்பின், 2018ஆம் ஆண்டிலேயே அது மீண்டும் பொதுமக்கள் விமான நிலையமாக முறைப்படி திறக்கப்பட்டது. திறக்கப்பட்டபின்னரும் கரையோர மக்கள் நம்பியிருப்பது பேருந்தையும் புகைவண்டியையுமே.

இவ்விரு கணக்குகளின் முரண் மிகத் தெளிவாகத் தோன்றுவது ஹஜ்ஜுப் பயணத்தில். முற்காலத்திற் கீழ்க்கரையிலிருந்து மக்கா செல்வோர் தலைமன்னார் சென்று, 1914ஆம் ஆண்டில் தொடங்கிய கப்பல் வழியே தனுஷ்கோடி அடைந்து, புகைவண்டியிற் பம்பாய் சேர்ந்து, அங்கிருந்து கப்பலில் ஜித்தாவுக்குச் செல்லுதல் ஒரு வழி. மாதக்கணக்கில் நீளும் பயணம். கடன் தீர்த்து, உறவினரிடம் பொறுப்புச் சொல்லி, மீளாமலும் போகலாம் என்ற நினைவோடு விடைபெற்றுச் செல்வர். 1964ஆம் ஆண்டு டிசம்பர்ப் புயல் தனுஷ்கோடியை அழித்தது. பின்னர்க் காலப்போக்கில் ஹஜ்ஜு முற்றிலும் வான்வழிப் பயணமாயிற்று. கட்டுநாயக்காவிலிருந்து ஜித்தாவுக்கு நேர்த்தொலைவு ஏறத்தாழ 4,650 கிலோமீற்றர். பயண நேரம் ஆறு மணித்தியாலமளவு. கல்முனை–கொழும்புத் தொலைவினும் இருபது மடங்கு. எனினும் கல்முனையிலிருந்து விமான நிலையம் சேர்வதற்கு ஹாஜிக்கு ஆகும் நேரம், விமான நிலையத்திலிருந்து ஜித்தா சேர்வதற்கு ஆகும் நேரத்தினும் மிகுதி. அரபுநாடு அணித்தாயிற்று, தலைநகர் சேய்த்தாகவே இருந்தது.

வேகவிமானத்துக்கும் காற்றுக் கணக்கு உண்டு என்பதை ஈண்டுக் குறிப்பிடலாம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், நிலத்தருகே காற்று மேற்கிலிருந்து வீச, மிக உயரத்திலே அதற்கு எதிராகக் கிழக்கிலிருந்து ஒரு பெருங்காற்று ஓடுகிறது. இந்திய வானிலை அறிஞர் கோட்டேஸ்வரம் 1958ஆம் ஆண்டில் இதனை விளக்கி எழுதினார். அம்மாதங்களில் மேற்கே செல்லும் விமானத்துக்கு அது துணை, மீள்வதற்குத் தடை. போக்கும் வரவும் ஒரே தூரம், ஆயின் ஒரே நேரமன்று. கச்சானையும் வாடையையும் கணித்த மாலுமியின் பேரன் விமானத்திலேறியும் காற்றை விட்டு நீங்கவில்லை.

இம்முரண் நமது கரைக்கே உரியதெனக் கருதற்க. நைஜீரியாவின் லாகோஸ் நகருக்கும் கென்யாவின் நைரோபி நகருக்கும் வான்வழித் தூரம் ஏறத்தாழ 3,830 கிலோமீற்றர். நேரே பறந்தால் ஐந்து மணித்தியாலம். குடியேற்ற ஆட்சிகள் வகுத்த வான்வழிகளோ ஒவ்வொரு நாட்டையும் அதனை ஆண்ட ஐரோப்பியத் தலைநகரோடு இணைத்தன. ஆபிரிக்க நாட்டை ஆபிரிக்க நாட்டோடு இணைப்பதில் அவற்றுக்கு அக்கறையில்லை. எனவே ஆபிரிக்க நகரொன்றிலிருந்து இன்னோர் ஆபிரிக்க நகருக்குச் செல்வோர் இலண்டனுக்கோ பாரிசுக்கோ சென்று திரும்ப நேர்ந்தது. லாகோசிலிருந்து இலண்டன் 5,000 கிலோமீற்றர். இலண்டனிலிருந்து நைரோபி 6,840. மொத்தம் 11,840, நேர்வழியின் மும்மடங்கு. விடுதலை பெற்றுப் பல்லாண்டு சென்றபின்னும் அவ்வழக்கம் முற்றாக ஒழியவில்லை. தம் வானத்தைத் தமக்குள் திறந்துவிட ஆபிரிக்க நாடுகள் 1999ஆம் ஆண்டில் யாமுசுக்ரோவில் உடன்பட்டன. அவ்வுடன்பாடு நடைமுறைக்கு வருவதும் மெல்ல மெல்லவே.

கிழக்கு மாகாணத்துக்குள்ளேயே இதன் சிறு வடிவம் உண்டு. கல்முனைக்கும் திருகோணமலைக்கும் நேர்த்தொலைவு 145 கிலோமீற்றர். இரண்டும் ஒரே கரையில், ஒரே மாகாணத்தில் உள்ளவை. ஆயின் கரையோரச் சாலையில் மகாவலி கிளைகளாகப் பிரிந்து கடலிற் கலக்கும் இடமெல்லாம் துறைகள் இருந்தன; ஒவ்வொரு துறையிலும் பாதையோடத்துக்குக் காத்திருத்தல் வேண்டும். மழைக்காலத்தில் அதுவும் இல்லை. புகைவண்டியிற் செல்லின் கல்லோயாச் சந்திவரை மேற்கே போய் மீண்டும் வடகிழக்கே திரும்ப வேண்டும். கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது 2009ஆம் ஆண்டில். ஏனைய துறைகளுக்குப் பாலங்கள் அதனை ஒட்டி வந்தன. தலைநகரை நோக்கிய சாலைக்கும் அயலூரை நோக்கிய சாலைக்கும் இடையே ஒரு நூற்றாண்டு இடைவெளி.

வழி இருந்தும் தானே விரும்பி நடப்போரும் இக்கரையில் உண்டு. கதிர்காமப் பாதயாத்திரிகர் ஆண்டுதோறும் கல்முனை, காரைதீவு, திருக்கோவில் வழியாகப் பொத்துவில் கடந்து, உகந்தை முருகனை வணங்கி, குமணக் காட்டினூடே செல்கின்றனர். அவர்களுக்கு நாழிகைவழியே இன்றும் அளவை. வழியிலுள்ள முஸ்லிம் ஊர்களினூடாகவும் அவ்வழி செல்கிறது. இரு சமூகத்தவர் ஊர்களும் மாலைபோல் மாறிமாறித் தொடுக்கப்பட்ட கரையாதலின் பிறிதொரு வழியுமில்லை.

போர்க்காலம் இக்கணக்குகளை வேறொருவாறு குலைத்தது. சாலைகளிற் காவலரண்கள் எழுந்தன. ஓரிராப் பயணம் ஒன்றரை நாளாவதும் உண்டு. வானமோ அமைச்சர்க்கும் படையினர்க்கும் உரியதாயிற்று. கரையோர மக்களின் பெருந்தலைவராய் விளங்கிய எம். எச். எம். அஷ்ரப், 2000ஆம் ஆண்டு செப்டெம்பர் 16ஆம் நாள், கொழும்பிலிருந்து அம்பாறைக்கு விமானப்படை ஹெலிகொப்டரிற் செல்கையில், கேகாலை மாவட்டத்து அரநாயக்க மலைப்பகுதியில் அது வீழ்ந்து, உடன் சென்றோருடன் உயிர்நீத்தார். நேர்க்கோட்டுப் பாதை மலைக்கு மேலாகத்தான் செல்கிறது. ஒலுவிலில் 1995ஆம் ஆண்டில் அவர் முயற்சியால் தோன்றிய தென்கிழக்குப் பல்கலைக்கழகம், கல்விக்காகக் கரையை விட்டு நெடுந்தூரம் போகவேண்டிய தேவையைக் குறைத்தது. தூரத்தைக் குறைப்பதற்கு வழி சமைப்பது ஒன்று. தேடிச் செல்லும் பொருளை ஊருக்குக் கொணர்வது மற்றொன்று.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாளைப் பற்றிக் கூறாமல் இவ்வாய்வு நிறைவுறாது. அன்று காலை ஏழு மணியளவில் சுமாத்திராக் கரைக்கு அப்பால் கடலடியில் நிலம் நடுங்கிற்று. அவ்விடத்திலிருந்து கல்முனைக்கு நேர்த்தொலைவு ஏறத்தாழ 1,600 கிலோமீற்றர். நாலாயிரம் மீற்றர் ஆழமுள்ள கடலில் இத்தகைய அலை மணிக்கு 700 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும்; பயணிகள் விமானத்தின் வேகத்துக்கு அது மிகவும் குறைந்ததன்று. ஏறத்தாழ இரண்டு மணித்தியாலத்தில் அலை கரையைச் சேர்ந்தது. மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என ஊரூராக வீடுகள் அழிந்தன. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். நாட்டின் மாவட்டங்களுள் மிகப் பெரிய இழப்பு இங்கேதான்.

அந்த இரண்டு மணித்தியாலத்தை நினைக்குந்தோறும் நெஞ்சு பதைக்கிறது. நிலம் நடுங்கியதை உலகெங்கணும் உள்ள கருவிகள் சில நிமிடங்களில் அறிந்தன. ஒரு டக்கோட்டா கொழும்பிலிருந்து புறப்பட்டுக் கல்முனைக்கு வந்து மீளப் போதுமான நேரம் அது. தொலைபேசிக்கு ஒரு நொடி போதும். கரையிலிருந்து அரை மைல் மேற்கே நடக்க ஒரு குழந்தைக்கு அரை நாழிகை போதும். அலைக்கு வழி இருந்தது. செய்திக்கு வழி இருக்கவில்லை. 225 கிலோமீற்றர் அன்று 1,600 கிலோமீற்றரினும் நெடிதாயிற்று.

அதன்பின் இந்துமாகடல் நாடுகள் கூடி எச்சரிக்கை அமைப்பொன்றை நிறுவின. 2012ஆம் ஆண்டு ஏப்ரல் 11ஆம் நாட் பிற்பகல் அதே சுமாத்திராவுக்கு அப்பால் மீண்டும் பெருநடுக்கம் நிகழ்ந்தது. இம்முறை செய்தி முந்தி வந்தது. கீழ்க்கரை மக்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு கடலை விட்டு மேற்கே நடந்தனர். பேரலை வரவில்லை. பொழுது சாய்ந்தபின் வீடு திரும்பினர்.